சேலையைப் பார்த்தாலே ‘புக்’ ஆகிவிடுமா? ஆப் டெவலப்பர்கள் கவனிக்க வேண்டிய ஒரு விஷயம்

திருவண்ணாமலை மாவட்டம் ஆரணியில் ஒரு பட்டு நெசவாளர், சேலைகளை நேரடியாக விற்க ஆப் ஒன்று கேட்கிறார் என வைத்துக்கொள்ளுங்கள். கைத்தறிச் சேலை பெரும்பாலும் ஒற்றை பீஸ். ஒரே சேலையை இரண்டு பேர் வாங்கிவிட்டால் சிக்கல். அதனால் வாங்குபவருக்காகச் சில நிமிடம் அதை ‘ஹோல்டு’ பண்ணி வைக்க வேண்டும். டெவலப்பர் என்ன செய்கிறார்? சேலையின் கார்டு உருவானதும் ஓடும் ஃபங்ஷனிலேயே ஹோல்டு கோரிக்கையைப் போட்டுவிடுகிறார். டெஸ்ட்டில் பாஸ்!

கடை திறந்த அன்று கூத்து. யாரோ சும்மா லிஸ்ட்டைத் தள்ளிப் பார்க்க, கண்ணில் பட்ட சேலையெல்லாம் ஹோல்டு. நிஜமாக வாங்க வந்தவருக்கு ‘ஸ்டாக் இல்லை’.

ஏன் இப்படி? ஃபிளட்டர், ரியாக்ட், கியூஎம்எல் எல்லாமே ‘டிக்ளரேட்டிவ்’ வகை. திரை எப்படி இருக்கணும் என்று மட்டும் நாம் சொல்கிறோம். எந்தப் பொருளை எப்போது உருவாக்குவது, எப்போது அழிப்பது என்பதை ஃபிரேம்வொர்க் முடிவு செய்யும். ஃபிளட்டரின் நீண்ட லிஸ்ட்டில், திரைக்குச் சற்று வெளியே இருக்கும் கார்டுகள்கூட முன்கூட்டியே உருவாகும். தள்ளிப்போனதும் அழியும். திரும்பி வந்தால் புதிதாகப் பிறக்கும், ‘இனிட்ஸ்டேட்’ மறுபடி ஓடும். ஆக, அது சொல்வது ‘பொருள் தயார்’ என்பதை மட்டுமே. ‘வாடிக்கையாளர் விரும்பினார்’ என்று அதற்கு அர்த்தமில்லை.

தறியில் இந்தக் குழப்பமே கிடையாது. புதுப் பாவின் இழைகளைப் பழைய பாவோடு ஒவ்வொன்றாக இணைப்பது பாவுக்கு ஒருமுறை செய்யும் வேலை. ஊடை ஓடும்போதெல்லாம் அதை யாரும் செய்வதில்லை. ‘இனிட்ஸ்டேட்’டில் வைக்க வேண்டியதும் அந்த மாதிரி வேலைதான்: டைமர், கன்ட்ரோலர், டேட்டா சந்தா. அங்கே திறந்ததை ‘டிஸ்போஸ்’ஸில் மூடியே ஆகணும். இல்லாவிட்டால் செத்துப்போன கார்டுக்கு டைமர் தகவல் அனுப்பிக்கொண்டிருக்கும், எர்ரர் வரும்.

2022-இல் வந்த ரியாக்ட் 18, ‘ஸ்ட்ரிக்ட் மோடு’ இருந்தால், டெவலப்மென்ட்டின்போது கம்போனென்ட்டை வேண்டுமென்றே ஒருமுறை அவிழ்த்துத் திரும்ப மாட்டும். ‘யூஸ்எஃபெக்ட்’ இரண்டு தடவை ஓடும். இதைப் பார்த்ததும் ஸ்ட்ரிக்ட் மோடையே தூக்கிவிடும் பழக்கம் இருக்கிறது. புகை அலாரம் கத்துகிறதென்று பேட்டரியைக் கழற்றுவது மாதிரி இது.

கியூஎம்எல்லில் இன்னொரு கண்ணி. பல பொருள்களின் ‘ஆன்கம்ப்ளீட்டட்’ எந்த வரிசையில் ஓடும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை என்று க்யூட் ஆவணமே சொல்கிறது. ‘விலை கார்டு முதலில் தயாராகும், தள்ளுபடி கார்டு பிறகு’ என்று நம்பி எழுதினால் ஒருநாள் தப்பான விலை காட்டும். 5.15 பதிப்பு முதல் லிஸ்ட் கார்டுகளை அழிக்காமல் மறுபயன்பாட்டுக்கும் விடலாம். அப்போது ‘ஆன்கம்ப்ளீட்டட்’ திரும்ப ஓடாது, அதற்கென்று தனி சிக்னல் உண்டு.

ஹோல்டு கோரிக்கை இருக்க வேண்டிய இடம் ‘வாங்கு’ பட்டன். அதைத் தட்டுவது ஒரு மனிதர்.