வெட்கத்தை விற்கும் வியாபாரம்

திருத்தணி மலையின் 365 படிகளையும் ஏறி வந்து முருகனுக்கு முடி இறக்கும் பெண்களை நாம் காண்கிறோம். மொட்டைத் தலையோடு ஊர் திரும்பும் அவர்களைக் கண்டு எவரும் சிரிப்பதில்லை. ஆனால் அதே பெண்ணின் மேலுதட்டில் நாலு முடி தெரிந்தால்? அது அவமானமாம்! லேசர் கருவியால் 'நிரந்தரமாக' ஒழித்துத் தருவார்களாம்! இப்படிக் கூவுகிறது அழகு வியாபாரக் கூட்டம்.

உண்மை என்ன? முடியிலுள்ள கருநிறமி லேசர் ஒளியை உறிஞ்சுகிறது. அந்தச் சூட்டில் மயிர்க்கால் கருகுகிறது. நம் கருத்த தோலிலும் அதே நிறமி உண்டு. பயிற்சியற்ற கை கருவியைப் பிடித்தால் தோலும் வேகும், தழும்பு மிஞ்சும். 'நிரந்தர ஒழிப்பு' என்பதும் புரட்டு. அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு நிர்வாகமே 'நிரந்தரக் குறைப்பு' என்று சொல்லத்தான் இக்கருவிகளுக்கு அனுமதி தந்திருக்கிறது.

முகத்தில் முடி அடர்வது பல பெண்களுக்குச் சினைப்பை நீர்க்கட்டிக் கோளாறின் அறிகுறி. பொதட்டூர்பேட்டையில் விசைத்தறி ஓட்டும் பெண், தன் கூலியைத் தவணை தவணையாக அழகு நிலையத்தில் கொட்டினால் அந்தக் கோளாறு தீருமா?

லேசரை நாம் எதிர்க்கவில்லை. விஞ்ஞானம் மக்களின் சொத்து. லாப வேட்டைக்காரர்களின் தூண்டில் அல்ல. டாக்டர் மேற்பார்வையற்ற லேசர் கடைகளைச் சர்க்கார் இழுத்து மூடட்டும்! தேவைப்படும் பெண்ணுக்குச் சர்க்கார் ஆஸ்பத்திரியில் இலவசப் பரிசோதனையும் சிகிச்சையும் கிடைக்கட்டும்!

முடி முளைப்பது வெட்கமல்ல. அதைக் காட்டி மிரட்டி ஏழையின் மடியை அவிழ்ப்பதே வெட்கக்கேடு!