தேறலும் ஊறலும்

எங்க அப்பத்தா ஊறல் போட்டவள். வாடிப்பட்டிப் பக்கத்துச் சேரி. வெல்லத்தையும் வெள்வேலம்பட்டையையும் தண்ணியில் கலந்து, பானையோடு மண்ணுக்குள் புதைப்பாள். பொங்கி அடங்கினதும் அடுப்பேற்றிக் காய்ச்சுவாள். வயல்வேலை இல்லாத கோடையில் அதுதான் எங்களுக்குக் கஞ்சி ஊற்றியது. 1980களில் ஒருநாள் ஏட்டய்யா வந்து பானையை உடைத்தார். முந்தின வாரம் மாமூல் வாங்கினதும் அவர்தான். சாதியைச் சொல்லி ஏசிக்கொண்டே ஜீப்பில் ஏற்றினார். "நான் என்ன களவாண்டேனா சாமி? காச்சுனேன், அம்புட்டுத்தான்" என்றாள் கிழவி.

இப்போது மரபு மதுவை மீட்கவேண்டும் என்கிறார்கள். 1987 முதல் கள்ளுக்கு இருக்கும் தடையை நீக்கு என்கிறார்கள். நியாயம்தான், பனையேறியின் பிழைப்பில் மண் போட்ட தடை அது. ஆனால் சாட்சிக்கு அவர்கள் கூப்பிடுவது பனையேறியை அல்ல, சங்க இலக்கியத்தை.

சரி, அதையே பார்ப்போம். மதுரைக்காஞ்சி எப்படி முடிகிறது? நகை பூண்ட பெண்கள் பொற்கலத்தில் ஏந்தித் தரும் தேறலைக் குடித்து இன்புற்றிரு என்று பாண்டியனை வாழ்த்தி முடிகிறது. அந்தத் தேறலை வடித்தவள் யார்? பேரில்லை. பெரும்பாணாற்றுப்படையில் செய்முறையே இருக்கிறது: அரிசிக் கூழை ஆறவைத்து, நெல்முளை சேர்த்து, இரண்டு பகல் இரண்டு இரவு சாடியில் விளையவிட்டுப் பிழிவது. வலைஞர் குடியிருப்பின் பக்குவம் அது. ஏட்டில் இருந்தால் பண்பாடு. சேரிப் பானையில் இருந்தால் 1937ஆம் வருசத்து மதுவிலக்குச் சட்டம்.

அது போதாதென்று 1982இல் தடுப்புக்காவல் சட்டம் வந்தது. ஊர் அதைக் குண்டர் சட்டம் என்கிறது. ஆனால் சட்டத்தின் தலைப்பில் முதலில் நிற்பது குண்டர் இல்லை, கள்ளச்சாராயக்காரர். அடுத்த வருசமே டாஸ்மாக்கைத் தொடங்கிய அரசு, 2003 முதல் சில்லறைக் கடையையும் தானே நடத்துகிறது. அரசு விற்றால் வருமானம், அப்பத்தா விற்றால் குற்றம்.

கடல் தாண்டியும் இதே கதைதான். அமெரிக்காவில் ஜாக் டேனியலுக்கு விஸ்கி வடிக்கக் கற்றுக்கொடுத்தவர், அடிமையாக இருந்த கறுப்பர் நியரஸ்ட் கிரீன். பாட்டிலில் டேனியல் பேர். கிரீனின் பங்கைக் கம்பெனி ஊரறியச் சொல்ல 2016 வரை ஆயிற்று. அங்கே பேராவது கிடைத்தது. இங்கே எங்க கிழவிகளின் பேர் போலீஸ் ரிக்கார்டில் மட்டும்தான் கிடக்கிறது.

குடியைப் புகழ நான் வரவில்லை. எங்க அய்யாவைக் கொண்டுபோனது குடிதான். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்திலும் சுற்றுவட்டாரத்திலும் மெத்தனால் கலந்த சாராயம் 60க்கும் மேற்பட்டவர்களைக் கொன்றது. செத்ததில் பலர் நம்ம சனம். சாவு எங்களுக்கு, மரபு உங்களுக்கா?

கேட்பது இதுதான். பக்குவத்தை மீட்க வருகிறவர்கள் ஆளையும் மீட்கட்டும். வயித்துக்காக ஊறல் போட்டு ஜெயிலுக்குப் போன பெண்களின் வழக்குகளைத் தள்ளுபடி செய். மரபு மதுவுக்கு லைசென்ஸ் தருவதானால் முதல் லைசென்ஸ் அவர்கள் பேரில் கொடு. இல்லாவிட்டால் தேறல் உங்களுக்கு, கேஸ் எங்களுக்கு. அந்த மரபு மட்டும் ஒருநாளும் அழிந்ததில்லை. அதை நீங்கள் மீட்க வேண்டியதுமில்லை.