நாயோடு விமானம் ஏறலாமா? கடலூர்க்காரர்கள் டிக்கெட் போடும் முன் பார்க்க வேண்டியது

கடலூர், சிதம்பரத்திலிருந்து வேலைக்காக பெங்களூரு, ஹைதராபாத் கிளம்புறவங்க வீட்டில் நாய் இருந்தால், அதை எப்படிக் கூட்டிட்டுப் போறது என்ற கேள்வி கண்டிப்பாக வரும். பக்கத்திலேயே புதுச்சேரி ஏர்போர்ட் இருக்கிறதே என்று தோன்றும். சிக்கலே அங்கேதான்.

புதுச்சேரியிலிருந்து 2024 டிசம்பரில் பெங்களூருவுக்கும் ஹைதராபாத்துக்கும் மறுபடி விமானம் விட்டது இண்டிகோ. ஆனால் இண்டிகோவில் பயணிகள் செல்லப்பிராணியைக் கூட்டிச் செல்ல முடியாது. நாய்க்காக நீங்க சென்னைதான் போயாகணும்.

அங்கே ஆகாசா ஏர், ஏர் இந்தியா இரண்டும் செல்லப்பிராணிகளை ஏற்றுகின்றன. ஆகாசா 2022 நவம்பரில் இதைத் தொடங்கியபோது கேபினில் 7 கிலோ வரைதான் அனுமதி. பிறகு 10 கிலோவாக உயர்த்தியது. பலரும் ஏமாறுவது இந்த எடையில்தான். இது நாயின் எடை மட்டும் இல்லை, கூண்டையும் சேர்த்து. பொமரேனியன் தப்பிக்கும். வளர்ந்த ராஜபாளையமோ சிப்பிப்பாறையோ வாய்ப்பே இல்லை. சரக்குப் பகுதியில்தான் போகணும்.

பக் மாதிரி தட்டை மூக்கு நாய் என்றால் இன்னும் யோசிக்கணும். 2005 முதல் 5 ஆண்டுகளில் அமெரிக்க விமானங்களில் இறந்த 122 நாய்களில் ஏறத்தாழ பாதி, இந்த வகை நாய்கள்தான் என்று அந்நாட்டுப் போக்குவரத்துத் துறையின் கணக்கு சொன்னது. வெப்பத்திலும் பதற்றத்திலும் இவற்றுக்கு மூச்சுவிடுவது கஷ்டம். பல நிறுவனங்கள் இவற்றை ஏற்பதே இல்லை.

எதுவானாலும் ரேபிஸ் தடுப்பூசி அட்டையும், கால்நடை மருத்துவரின் உடல்தகுதிச் சான்றும் வேணும். சான்று பயணத் தேதிக்கு நெருக்கமாக வாங்கியதாக இருக்கணும். ஒரு விமானத்தில் சில பிராணிகளுக்குத்தான் இடம் என்பதால், உங்க டிக்கெட்டைப் போடும் முன்பே நிறுவனத்திடம் பேசிடுங்க.

பார்வையற்றோருக்கான வழிகாட்டி நாய் விஷயம் வேறு. அது செல்லப்பிராணிக் கணக்கில் வராது. மாற்றுத்திறனாளிப் பயணிகளுக்கான டிஜிசிஏ விதிகளிலேயே அதற்கு இடம் இருக்கிறது. பயிற்சி பெற்ற நாய், வார் கட்டி, உரிமையாளரின் காலடியில் இருக்கலாம். செல்லப்பிராணியை மறுக்கும் இண்டிகோவும் உதவி நாயை ஏற்றும். முன்கூட்டியே தகவல் சொல்லி, ஆவணம் காட்டணும். 'என் நாய் பக்கத்தில் இல்லாட்டி எனக்குப் பதற்றம்' என்பது இதற்குப் போதாது. அமெரிக்காவே 2020 டிசம்பரில், மன ஆறுதலுக்கான பிராணிகளை உதவி நாயாகக் கருத வேண்டியதில்லை என்று விதியை மாற்றிவிட்டது.

பெங்களூரு போறவங்களுக்கு ஒரு வார்த்தை. சென்னை வரை 4, 5 மணி நேரம் ரோட்டில் போய், ஏர்போர்ட்டில் காத்திருந்து, 1 மணி நேரம் பறப்பதற்கு, கடலூரிலிருந்து காரிலேயே போய்விடலாம். நாய்க்கும் அதுதான் நிம்மதி. ரயில் என்றால் முதல் வகுப்பு ஏசியில் கூபே அல்லது கேபின் முழுவதையும் நீங்களே பதிவு செய்யணும். இல்லாட்டி கார்டு பெட்டியில் உள்ள நாய்க்கூண்டுதான். ஹைதராபாத், டெல்லி என்றால் மட்டும் சென்னை ஏர்போர்ட் வரைக்குமான அலைச்சலுக்கு அர்த்தம் இருக்கு.