நீவிவிடத் தெரியுமா?

விடியற்காலை நான்கு மணிக்கு எழுந்தால்தான் நான் ஆறு மணிக்கு ஒலிவாங்கி முன் உட்கார முடியும். ஆனால், எட்டு ஆண்டுகளாக எனக்கு அலாரம் தேவைப்பட்டதில்லை. கோப்பி வந்து ஈர மூக்கால் முழங்கையை இடிப்பான். நான்கு மாதங்களுக்கு முன் ஒருநாள் அவன் வரவில்லை. கூடத்தில் படுத்திருந்தான். எழுந்து நிற்கப் பார்த்தான், முடியவில்லை. இடது பின்னங்கால் வலதைவிட ஒன்றரை மடங்கு பருத்திருந்தது.

கோப்பி எங்கள் வீட்டு நாய். வயது 11. 'சிங்கப்பூர் ஸ்பெஷல்' என்று செல்லமாகச் சொல்வோமே, அந்தக் கலப்பினம். இப்படிப்பட்ட நாய்களை வீவக வீட்டில் வளர்க்க வழிவிட்டது, 2012ல் தொடங்கிய 'புராஜெக்ட் அடோர்' திட்டம். அவனை அழைத்து வந்த அன்று, "சாமி இருக்கிற வீட்டுல நாயா?" என்று அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டார். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் அவனுக்குச் சோறு பிசைந்து வைத்ததும் அம்மாதான். நிறத்தைப் பார்த்து 'கோப்பி' என்று பெயர் வைத்ததும் அவர்தான்.

காலில் வந்த ஒரு கட்டியைச் சில மாதங்களுக்கு முன்புதான் அறுவை சிகிச்சை செய்து அகற்றியிருந்தார்கள். முழங்காலுக்குப் பின்னால் இருந்த நிணநீர்க் கணுவையும் சேர்த்தே எடுத்திருந்தார்கள். இப்போது இந்த வீக்கம். கட்டி திரும்பிவிட்டதோ என்ற பயத்தில் அன்று வானொலியில் என்ன பேசினேன் என்றே நினைவில்லை.

சோதனைகள் செய்த கால்நடை மருத்துவர், "கட்டி திரும்பவில்லை, கிருமித்தொற்றும் இல்லை. நிணநீர் வடிய வழியில்லாமல் தேங்குகிறது," என்றார். காலுக்குக் கட்டுப் போட்டு, மறுவாழ்வுச் சிகிச்சை தரும் ஒருவரிடம் அனுப்பினார். அவர்தான் எனக்கு நிணநீர் மசாஜ் கற்றுக்கொடுத்தார். நான்கு சனிக்கிழமைகள், ஒவ்வொரு முறையும் ஒரு மணி நேரம்.

போக்குவரத்து நிலவரம்

இரத்தத்தைத் தள்ள இதயம் இருக்கிறது. நிணநீருக்கு அப்படித் தனி இயந்திரம் கிடையாது. நடக்கும்போது தசைகள் அசைவதும், மூச்சு இழுத்து விடுவதும், அந்தக் குழாய்கள் தாமே மெல்லச் சுருங்குவதும்தான் அதை நகர்த்துகின்றன. வழியில் ஆங்காங்கே கணுக்கள் அதை வடிகட்டுகின்றன. நாய்க்குத் தாடையின் கீழ், தோளுக்கு முன்னால், அக்குளில், தொடை இடுக்கில், பின்னங்கால் முழங்காலுக்குப் பின்னால் என இவை இருக்கின்றன. கடைசியில் நிணநீர் கழுத்தடிப் பக்கம் வந்து இரத்தத்தில் கலந்துவிடுகிறது.

"வீங்கிய காலில் ஆரம்பிக்கக் கூடாது. கழுத்தில் ஆரம்பியுங்கள்," என்றார் பயிற்சியாளர். எனக்குப் புரியவில்லை. "நீங்கள் தினமும் காலையில் போக்குவரத்து நிலவரம் வாசிப்பவர்தானே? பிஐஇ விரைவுச்சாலையில் நெரிசல் என்றால், முன்னால் நிற்கும் வண்டிகள் நகராமல் பின்னால் இருப்பவை எப்படி நகரும்?" என்று கேட்டார். அதன்பிறகு எனக்கு மறக்கவே இல்லை.

இந்த முறை முதலில் மனிதர்களுக்காக உருவானது. டென்மார்க்கைச் சேர்ந்த எமில் வோடர், எஸ்ட்ரிட் வோடர் தம்பதி 1930களில் பிரான்சில் இதை வகுத்து, 1936ல் பாரிசில் அறிமுகப்படுத்தினார்கள். வீங்கிய கணுக்களைத் தொடவே மருத்துவ உலகம் தயங்கிய காலம் அது. பின்னாளில் இது விலங்குகளுக்கும் வந்தது.

"அப்படி அமுக்காத!"

முதல் வகுப்பு முடிந்த இரவு, கூடத்தில் பாய் விரித்துக் கோப்பியைப் படுக்க வைத்தேன். அவனுக்குச் சீக்கிரம் குணமாக வேண்டும் என்ற ஆசையில் கொஞ்சம் அழுத்தியே பிடித்துவிட்டேன். அவன் காலை வெடுக்கென்று இழுத்துக்கொண்டான்.

"அப்படி அமுக்காத கண்ணு," என்றார் சமையலறை வாசலில் நின்ற அம்மா. "தோலு மட்டும் நகரணும். சதையைத் தொடக்கூடாது. முதல்ல கழுத்தைச் செஞ்சியா?"

நான் நிமிர்ந்து பார்த்தேன். பயிற்சியாளர் சொன்ன அதே வார்த்தைகள்.

"உங்களுக்கு எப்படிம்மா தெரியும்?"

அம்மா பதில் சொல்லவில்லை. பக்கத்தில் வந்து உட்கார்ந்து இடது கையை நீட்டினார். ஆறு ஆண்டுகளுக்கு முன் மார்பகப் புற்றுநோய்க்காக அம்மாவுக்கு அறுவை சிகிச்சை நடந்தது எனக்குத் தெரியும். அக்குள் கணுக்களை எடுத்ததும் தெரியும். ஐந்தாம் ஆண்டுப் பரிசோதனையில் எல்லாம் நலம் என்றபோது கேக் வெட்டினோம். அத்தோடு கதை முடிந்தது என்றுதான் நினைத்திருந்தேன்.

முடியவில்லை. அந்தக் கை அடுத்த ஆண்டே வீங்கத் தொடங்கியிருக்கிறது. மருத்துவமனையில் சிகிச்சையாளர் நீவிவிடச் சொல்லிக்கொடுத்திருக்கிறார். அன்றிலிருந்து ஒவ்வோர் இரவும், அதிகாலை வேலைக்காக நான் ஒன்பது மணிக்கே படுத்தபின், அம்மா தனியாக உட்கார்ந்து செய்துவந்திருக்கிறார். பகலில் அவர் போட்டிருக்கும் இறுக்கமான கையுறையை மூட்டுவலிக்கு என்று நினைத்தேன். இடது கையில் வளையல் போடாததைக் கேட்டபோது, "வயசாச்சு, எதுக்கு?" என்றார். நானும் நம்பிவிட்டேன்.

"ஏன்மா சொல்லல?"

"நீ நாலு மணிக்கு எழுந்திரிக்கிற பிள்ளை. இதை வேற சொல்லி என்ன ஆகப்போகுது?"

ஊரெல்லாம் அழைத்துத் தன் கவலையைச் சொல்லும் நிகழ்ச்சியை நடத்துகிறவள் நான்.

நாய் வளர்ப்போருக்கு

தமிழில் பிடித்துவிடுவது வேறு, நீவிவிடுவது வேறு. இது நீவிவிடுவது. நிணநீரின் நுண்குழாய்கள் தோலுக்குச் சற்றுக் கீழேதான் இருக்கின்றன. தோலை மெல்ல இழுத்து விட்டால் அவற்றின் வாய் திறக்கும். அழுத்தினால் நசுங்கிவிடும். ஒரு நாணயத்தை உள்ளங்கையில் வைத்தால் தெரியும் எடை போதும். எண்ணெய் வேண்டாம், கை வழுக்கிவிடும்.

நாங்கள் செய்யும் வரிசை இது: முதலில் கழுத்தின் இரு பக்கமும். அடுத்துத் தோளுக்கு முன்னால். பிறகு தொடை இடுக்கு. அதன்பின் தொடை, முழங்கால், கடைசியாகப் பாதம். காலில் எந்த இடமானாலும் தோலை இழுக்கும் திசை மேல்நோக்கி, தொடை இடுக்கைப் பார்த்துத்தான். ஓரிடத்தில் ஆறேழு முறை, மிக மெதுவாக. மொத்தம் 15 நிமிடம். நாய் எழுந்து போனால் அன்றைக்கு அவ்வளவுதான்.

மருத்துவர் பார்க்காமல் ஆரம்பிக்க வேண்டாம். காய்ச்சல், கிருமித்தொற்று, இதயக் கோளாறு, இரத்தக்கட்டு, சிகிச்சை பெறாத புற்றுநோய் இருந்தால் செய்யக்கூடாது. தாடையின் கீழோ முழங்காலின் பின்னோ புதிதாகக் கணு பெரிதாகத் தட்டுப்பட்டால், அதைத் தேய்த்துக் கரைக்கப் பார்க்காதீர்கள். நிணநீர்ப் புற்றுநோயின் முதல் அறிகுறியாக அது இருக்கலாம். அன்றே மருத்துவரிடம் காட்டுங்கள். மசாஜ் மருந்துக்கு மாற்று அல்ல. கோப்பிக்குக் கட்டும், மெதுநடையும் சேர்ந்துதான் உதவின.

அம்மாவின் தையல் நாடாவால் வாரம் ஒருமுறை கணுக்காலை அளந்தோம். முதல் வாரம் 18.5 சென்டிமீட்டர். எட்டாவது வாரம் 16.5. நல்ல காலின் அளவு 15. முழுவதும் வற்றாது என்று மருத்துவர் சொல்லிவிட்டார். ஆனால், போன மாதத்திலிருந்து கோப்பி மறுபடியும் நான்கு மணிக்கு வந்து முழங்கையை இடிக்கிறான்.

இப்போது இரவு எட்டரைக்குக் கூடத்தில் பாய் விரிப்போம். நான் கோப்பியின் காலைச் செய்வேன். அம்மா தம் கையைச் செய்துகொள்வார். சென்ற வாரம் அவன் தூங்கிப்போனான். நான் எழுந்தபோது அம்மா திரும்பி உட்கார்ந்துகொண்டு சொன்னார்:

"முதுகுப் பக்கம் மட்டும் எனக்கு எட்டவே எட்டாது. நீ கொஞ்சம் நீவிவிடுறியா?"

மறுநாள் காலை நிகழ்ச்சியில் மூன்று முறை கொட்டாவி விட்டேன். நேயர்கள் மன்னிக்க வேண்டும்.