எல்லா ஐகானும் ஒரே முகமானால்

காலையில் அலுவலகக் கம்ப்யூட்டரைத் திறக்கிறார் குமாஸ்தா. திரையிலிருக்கும் அத்தனை ஐகான்களும் ஒரே படமாக மாறியிருக்கின்றன. வேர்டைச் சொடுக்கினாலும் எக்செல்லைச் சொடுக்கினாலும் எழுந்து வருவது அக்ரோபாட் ரீடர்தான். வந்து, இந்த ஃபைலைத் திறக்க முடியாது என்று கைவிரிக்கிறது. பார்க்க வருகிறவர் சொல்லும் முதல் தீர்ப்பு: வைரஸ். இரண்டாவது: ஃபார்மேட் செய்துவிடலாம்.

ஆபத்து இரண்டாவதில்தான். நகல் எடுத்து வைக்காத சம்பளப் பட்டியல், கடிதங்கள், குடும்பப் படங்கள் எல்லாம் அதோடு போய்விடும். இத்தனைக்கும் ஒரு ஃபைல்கூடக் கெட்டிருக்காது.

இது கார் நிக்கோபாரில் நடப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். சென்னையில் என்றால் ரிச்சி தெருவுக்குத் தூக்கிப் போகலாம். இங்கிருந்து போர்ட் பிளேர் (2024 முதல் ஸ்ரீ விஜயபுரம்) சுமார் 270 கி.மீ. கப்பலுக்குக் காத்திருக்க வேண்டும். சென்னையிலிருந்து வரும் கடலடி கேபிள் 2020 ஆகஸ்ட் 10-ல்தான் தொடங்கிவைக்கப்பட்டது. அதுவரை செயற்கைக்கோளே கதி. அந்த வேகத்தில் விண்டோஸை இறக்கி மறுபடி நிறுவுவதை நினைத்தும் பார்க்க முடியாது. இப்போது இறக்கிவிடலாம். அழிந்த படங்களை எந்தக் கேபிளும் கொண்டுவராது.

நடந்தது என்ன? விண்டோஸ் ஒரு ஃபைலுக்குள் எட்டிப் பார்ப்பதில்லை. பெயரின் கடைசிப் புள்ளிக்குப் பின்னுள்ள வாலைத்தான் பார்க்கிறது. 'ரெஜிஸ்ட்ரி' என்ற பதிவேட்டில் அந்த வாலுக்கு எந்த புரோகிராம் என்று எழுதியிருக்கிறதோ அதை அழைக்கிறது. (பழைய மெக்கின்டாஷ் இதில் புத்திசாலி. இன்ன வகை, இன்ன புரோகிராம் உருவாக்கியது என்ற குறிப்பை ஃபைலோடு சேர்த்தே வைத்திருந்தது.) திரையிலிருக்கும் குறுக்குவழி ஐகான்களுக்கும் ஒரு வால் உண்டு: '.எல்என்கே'. கண்ணில் படாது. யாரோ ஒரு ஐகானை வலது சொடுக்கில் 'ஓப்பன் வித்' கொடுத்து, அக்ரோபாட்டைத் தேர்ந்து, 'எப்போதும் இதிலேயே திற' என்ற கட்டத்தையும் டிக் செய்திருக்கிறார். கதை அவ்வளவுதான்.

விண்டோஸ் 7-ல் இது சகஜமான கோளாறு. முதலில் வேறொரு யூசர் பெயரில் நுழைந்து பாருங்கள். அங்கே ஐகான்கள் ஒழுங்காக இருந்தால் பழுது ஒருவருடைய பதிவில் மட்டுமே. பழைய பெயருக்குத் திரும்பி, விண்டோஸ் விசையும் 'ஆர்' விசையும் சேர்த்து அழுத்தி, 'ரெஜெடிட்' என்று ஆங்கிலத்தில் அடியுங்கள். 'கரன்ட் யூசர்' பகுதியில் சாஃப்ட்வேர், மைக்ரோசாஃப்ட், விண்டோஸ், கரன்ட்வெர்ஷன், எக்ஸ்ப்ளோரர், ஃபைல்எக்ஸ்ட்ஸ் என்று இறங்கினால் '.எல்என்கே' கிடைக்கும். அதை 'எக்ஸ்போர்ட்' செய்து ஒரு பிரதி வைத்துக்கொண்டு, உள்ளிருக்கும் 'யூசர்சாய்ஸ்' என்பதை மட்டும் நீக்குங்கள். வெளியேறி மீண்டும் நுழைந்தால் ஐகான்கள் பழைய முகத்தோடு இருக்கும். வேறெதிலும் கை வைக்க வேண்டாம். சாதாரண ஃபைல் ஒன்று தவறான புரோகிராமில் திறக்கிறதென்றால் இத்தனை பாடும் தேவையில்லை. அதே 'ஓப்பன் வித்'தில் சரியானதைத் தேர்ந்து டிக் செய்தால் போதும்.

வைரஸே காரணமாக இருப்பதும் உண்டு. 2001-ல் பரவிய சர்கேம், எந்த '.இஎக்ஸ்இ' ஃபைலை இயக்கினாலும் முதலில் தன்னை அழைக்கும்படி பதிவேட்டைத் திருத்திவிட்டது. வைரஸ் தடுப்பு மென்பொருள் அதை அழித்ததும் புதுச் சிக்கல்: பதிவேடு இல்லாத ஃபைலைத் தேட, எந்த புரோகிராமும் ஓடவில்லை. ரெஜெடிட்டும் ஒரு '.இஎக்ஸ்இ' என்பதால் அதுவும் அசையவில்லை. சாவியை உள்ளே வைத்துப் பூட்டிய வீடு. வழி எளிது: ரெஜெடிட்டைப் பிரதி எடுத்து வாலை '.காம்' என்று மாற்றினார்கள். அந்த வாலுக்குத் தனிப் பதிவு இருந்ததால் அது திறந்தது. கெட்டுப்போன வரியில் "%1" %* என்று திருப்பி எழுதியதும் எல்லாம் ஓடத் தொடங்கின.