விண்வெளியில் ஒரு கூட்டு வட்டி!

டேபிள் டென்னிஸ் பந்தை மேஜையில் தட்டிவிட்டு, மட்டையை மேலிருந்து மெல்ல இறக்கிப் பாருங்க. டக்... டக்... டக்டக்டக்! எதிரே வரும் மட்டை, ஒவ்வொரு அடிக்கும் பந்துக்குக் கொஞ்சம் வேகம் கொடுக்குது. காஸ்மிக் கதிர்களின் ரகசியமும் கிட்டத்தட்ட இதுதான்!

பெயர்தான் கதிர், ஆசாமி பெரும்பாலும் புரோட்டான். 1912-ல் விக்டர் ஹெஸ் பலூனில் 5 கிலோமீட்டருக்கு மேல் ஏறிக் கண்டுபிடிச்சார். 1936-ல் நோபல். சரி, இதுக்கு இவ்வளவு எனர்ஜி எங்கிருந்து?

விண்வெளியில் அலையும் காந்த மேகங்கள்தான் மட்டைனு 1949-ல் சொன்னார் என்ரிகோ ஃபெர்மி. சிக்கல் என்னன்னா, மேகம் எதிரே வந்தா லாபம். விலகிப் போனா நஷ்டம். கூட்டிக் கழிச்சா மிஞ்சுறது சில்லறை!

1977-78-ல் சில விஞ்ஞானிகள் தனித்தனியா விடையைப் பிடிச்சாங்க: அதிர்ச்சி அலை! சூப்பர்நோவா வெடிச்சதும் விநாடிக்கு ஆயிரக்கணக்கான கி.மீ. வேகத்தில் கிளம்புற அலை இது. அதுக்கு முன்னால நின்னு பார்த்தா, பின்பக்க வாயு நம்மை நோக்கி வரும். பின்னால போய்ப் பார்த்தா, முன்பக்க வாயு நம்மை நோக்கி வரும். இரண்டு பக்கக் காந்தப்புலமும் புரோட்டானைத் திருப்பித் திருப்பி அனுப்ப, அலையைத் தாண்டும்போதெல்லாம் எதிர்மோதல்தான். அதாவது, லாபம்தான்!

அலையின் வேகம் 3,000 கி.மீ.னா, ஒரு சுற்றுக்கு லாபம் சுமார் 1 சதவீதம். கூட்டு வட்டி போடுங்க... 70 சுற்றில் ஆற்றல் டபுள்! ஆனா, ஒவ்வொரு சுற்றிலும் 100-ல் ஒருத்தர் எஸ்கேப். அதே 70 சுற்றில் பாதிக் கூட்டம் காலி. அதனாலதான் கோடீஸ்வர புரோட்டான்கள் ரொம்ப அபூர்வம்.

சாட்சி? ஃபெர்மி பெயரையே தாங்கிய நாசா தொலைநோக்கி, ஐசி 443, டபிள்யூ 44 என்ற இரு சூப்பர்நோவா மிச்சங்களில் வேகமான புரோட்டான்களின் கைரேகையைப் பிடிச்சதை 2013-ல் அறிவிச்சாங்க.

ஆனா, கதை முடியலை. 1991-ல் அமெரிக்காவின் யூட்டாவில் பதிவான ஒரே ஒரு துகளின் ஆற்றல், ஸ்பின் பவுலர் 90 கி.மீ. வேகத்தில் வீசும் கிரிக்கெட் பந்துக்குச் சமம்! இதுக்கு சூப்பர்நோவா அலை பத்தாது. அதைவிடப் பெரிய மைதானம் எது? தேடிக்கிட்டே இருக்காங்க.

நம்ம ஊட்டி கிரேப்ஸ்-3 ஆய்வகமும் சும்மா இல்லை. ஆற்றல் ஏற ஏற புரோட்டான் எண்ணிக்கை சீரா குறையணும் இல்லையா? 166 டெரா எலக்ட்ரான் வோல்ட்டுக்கு மேல அந்தச் சரிவு மெதுவாகுதுனு 2024-ல் காட்டினாங்க. வட்டிக் கணக்கில் ஏதோ ஒரு வரி விட்டுப்போயிருக்கு. அது என்ன வரி? கணக்கு நோட்டு இன்னும் திறந்தேதான் இருக்கு!