நூற்புழுவை எந்த வயலில் இறக்குவது?

கரும்பின் நுனிக்குருத்துப் புழுவைக் கொல்லும் ஒரு நூற்புழு கோவையில் கண்டறியப்பட்டது. அங்குள்ள கரும்பு இனப்பெருக்க நிறுவனத்தின் கருணாகர், டேவிட் இருவரும் அமெரிக்க அறிஞர் பாய்னருடன் சேர்ந்து 1992-இல் அதற்கு ‘ஹெட்டிரோராப்டிடிஸ் இண்டிகா’ என்று பெயரிட்டனர். அந்தக் கரும்புப் புழுவும், நெல்லில் வெண்கதிருக்குக் காரணமான குருத்துப்பூச்சியும் ஒரே பேரினம். அப்படியானால் இந்த நூற்புழுவைத் தஞ்சையின் சம்பா வயலில் விட்டால் என்ன? விட்டால் காசு தண்ணீரோடு போகும். டெல்டாவில் இதற்கான இடம் வேறு.

அரை மில்லிமீட்டர் நீளமுள்ள இந்த உயிரி, பூச்சியின் வாய், ஆசனவாய், மூச்சுத்துளை வழியாக உள்ளே நுழைகிறது. தன் குடலில் சுமந்துவந்த ஃபோட்டோராப்டஸ் பாக்டீரியாவை அங்கே கக்குகிறது. ஓரிரு நாளில் பூச்சி செத்து, உடல் செங்கல் நிறமாகிறது. அதைத் தின்று பெருகும் அடுத்த தலைமுறை மீண்டும் மண்ணில் இறங்குகிறது. மனிதருக்கும் மாட்டுக்கும் கேடில்லை. பயிரின் வேரை வாட்டும் நூற்புழுக்களின் இனமும் இதுவல்ல.

இதற்கு ஈரம் வேண்டும், வெள்ளம் ஆகாது. மண்துகளைச் சுற்றிய மெல்லிய நீர்ப்படலத்தில்தான் நகரும், காற்றும் வேண்டும். நீர் கட்டிய வயலில் அடியில் படிந்துவிடும். நெல்லின் எதிரிகளோ மேலே இருக்கின்றன: இலைச்சுருட்டுப்புழு இலைமடிப்பில், குருத்துப்பூச்சி தண்டுக்குள். இலையில் தெளித்தால் வெயில் கொன்றுவிடும். நெல்லுக்கு டிரைக்கோகிரம்மா முட்டை ஒட்டுண்ணியும் இனக்கவர்ச்சிப் பொறியும் இருக்கின்றன. அவற்றைச் சரியாகச் செய்தாலே போதும்.

திருவையாறு, திருக்காட்டுப்பள்ளிப் பக்கத்துப் படுகை வாழையின் நிலை வேறு. கூன்வண்டின் புழு கிழங்கைக் குடைந்து மண்ணுக்கடியில் வாழ்கிறது. தெளிப்பான் அங்கே எட்டாது. நிழலும் சருகும் ஈரமும் நூற்புழுவுக்குத் தோதானவை. தார் வெட்டிய மரத்தின் தண்டைப் பிளந்து வண்டுப்பொறியாக வைத்து, அதில் பியூவேரியா பூஞ்சணத்தையோ நூற்புழுவையோ தடவும் முறை ஏற்கெனவே பரிந்துரையில் உண்டு. ஆனால் அதே தூரில் கார்போஃபியூரான் குருணையும் போட்டால் பயனில்லை. அது நூற்புழுக்கொல்லியும்கூட, கூலி கொடுத்து அமர்த்திய காவலாளியை நாமே கொன்றதாகும்.

செலவுக் கணக்கும் வாழையின் பக்கமே சாய்கிறது. வயல் முழுக்க விட எக்டேருக்கு 250 கோடி, அதாவது ஏக்கருக்கு 100 கோடி நூற்புழுக்கள் என்பது பரவலாகப் பின்பற்றப்படும் அளவு. இதை வளர்க்கப் பயன்படும் தேன்மெழுகு அந்துப்பூச்சியின் ஒரு புழுவிலிருந்து ஒன்று முதல் இரண்டு லட்சம் கிடைப்பதாகக் கொண்டாலும், ஏக்கருக்கு 5,000 முதல் 10,000 புழுக்களை வளர்த்தாக வேண்டும். பரந்த வயலுக்கு இது கிராமத்து மகளிர் குழுவால் ஆகிற காரியமல்ல. தூருக்கும் பொறிக்கும் மட்டும் என்றால் ஆகும்.

பெங்களூரில் உள்ள தேசிய வேளாண் பூச்சி வளங்கள் நிறுவனம் இந்த நூற்புழுவை நீரில் கலக்கும் தூளாக உருவாக்கி, தொழில்நுட்பத்தைத் தனியாருக்கும் வழங்கியிருக்கிறது. ஆனால் தூளுக்குள் இருப்பது உயிர். உரக்கடையின் தகரக் கூரைக்கடியில் சித்திரை முழுக்கக் கிடந்த பொட்டலத்தில் என்ன மிஞ்சும்? உற்பத்தித் தேதி, உயிருள்ள நூற்புழுக்களின் எண்ணிக்கை, வைக்கவேண்டிய வெப்பநிலை மூன்றும் பொட்டலத்தின் மேல் இருப்பதைக் கட்டாயமாக்க வேண்டும். சோதிப்பதும் கடினமல்ல: ஈரமண்ணில் தூளைக் கலந்து சில அந்துப்பூச்சிப் புழுக்களை விட்டால், இரண்டு மூன்று நாளில் அவை சிவந்து சாக வேண்டும். டிரைக்கோகிரம்மா ஒட்டுண்ணி அட்டைக்காகக் கார்சிரா அந்துப்பூச்சியை வளர்த்துப் பழகிய வேளாண் துறை மையங்கள் இந்தச் சோதனையை எளிதில் செய்யலாம், உற்பத்தியிலும் இறங்கலாம்.

அவசரப்பட்டு மானிய விலையில் டெல்டா முழுவதும் வழங்கினால் பெரும்பகுதி நெல் வயலுக்குத்தான் போய்ச் சேரும். ஒரு பருவம் பலிக்காவிட்டால், ‘அதெல்லாம் வேலைக்காகாது’ என்ற பேச்சு வாழைக்காரர் வரைக்கும் பரவிவிடும். ஆகவே படுகையில் தொடங்கட்டும். திருச்சியில் 1993 முதல் இயங்கும் தேசிய வாழை ஆராய்ச்சி மையம் கூப்பிடு தூரத்தில்தான் இருக்கிறது. அதன் மேற்பார்வையில், குருணை போட்ட தோட்டத்தையும் நூற்புழு விட்ட தோட்டத்தையும் ஒரு வாழைப் பருவம் அருகருகே வைத்து, வண்டுச் சேதத்தையும் செலவையும் விவசாயிகள் முன்னிலையில் கணக்கிட வேண்டும். கரும்புக்கோ தென்னைக்கோ கொண்டுபோவதை அந்தக் கணக்கு வந்தபின் முடிவு செய்யலாம்.